‘இனிமே ஸ்கூலுக்குப் போகமாட்டேன்’ என்று பிள்ளை சொன்னால்: முதன்முறை சந்திப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பதின்ம வயதுப் பிள்ளை ஒருநாள் “எனக்குப் படிப்பு ஏறல, இனிமே நான் போகமாட்டேன்” என்று சொல்லிவிட்டால் வீட்டில் இரண்டில் ஒன்று நடக்கும். கத்தல், இல்லாவிட்டால் உபதேசம். கத்தினால் அறைக்கதவு சாத்தப்படும். உபதேசம் செய்தால் தலை ஆடும், மறுநாள் காலையில் வயிறு வலிக்கும். இரண்டிலுமே பேசிக்கொண்டிருப்பது பெரியவர்கள்தான். யாருடைய படிப்போ, அவருக்கு அதில் வாய்திறக்க இடமில்லை.

இதை முதன்முறையாகச் சந்திப்பவர்களுக்காக எழுதுகிறேன்: அப்பா அம்மா, அக்கா அண்ணன், வளர்க்கும் தாத்தா பாட்டி, புதிதாக வகுப்பாசிரியர் பொறுப்பேற்றவர், தன்னார்வலர். பிள்ளையைப் பள்ளியில் தக்கவைப்பது ஒரு வேலை, படிப்பில் பொறுப்பு வரவைப்பது இன்னொரு வேலை என்று பலரும் பிரித்துப் பார்க்கிறார்கள். எனக்கு அது ஒரே வேலையாகத்தான் தெரிகிறது. தன் கையில் எதுவுமே இல்லாத இடத்தில் யாரும் அதிக நாள் உட்கார்ந்திருக்கமாட்டார்கள். கையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கக் கொடுக்கத்தான் உட்காரும் மனசும் வரும். எதை, எப்போது, எவ்வளவு கொடுப்பது என்பதற்குத்தான் கீழே வரும் படிகள்.

படி 1: முதல் நாளில் தீர்ப்பு வேண்டாம்

அன்று இரவே முடிவெடுத்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. ‘சரி, போகாதே’ என்பதும் தீர்ப்பு, ‘போய்த்தான் ஆகணும்’ என்பதும் தீர்ப்பு. “நீ சொன்னதைக் கேட்டுக்கிட்டேன். சனிக்கிழமை உட்கார்ந்து பேசலாம். அதுவரைக்கும் எப்பவும்போலப் போயிட்டு வா” என்றால் போதும்.

கூடவே ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: “எப்போலேர்ந்து இப்படித் தோணுது?” ‘ஏன்’ என்று கேட்டால் விசாரணை மாதிரி இருக்கும், ‘சும்மாதான்’ என்று பதில் வரும். ‘எப்போதிலிருந்து’ என்று கேட்டால் ஒரு காலம் வெளியே வரும். போன பரீட்சை மார்க் வந்ததிலிருந்து. வகுப்புப் பிரிவு மாற்றியதிலிருந்து. கூடவே இருந்த நண்பன் வேறு பள்ளிக்குப் போனதிலிருந்து. காலம் தெரிந்தால் காரணத்துக்குப் பாதி வழி வந்துவிட்டோம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. “வாழவே பிடிக்கல” என்ற மாதிரிப் பேச்சு வந்தாலோ, உடம்பில் காயம் தெரிந்தாலோ, யாராவது அடிக்கிறார்கள், தொடுகிறார்கள், மிரட்டுகிறார்கள் என்று தெரிந்தாலோ சனிக்கிழமைவரை காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள், பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். படிப்பைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

படி 2: சனிக்கிழமைக்குள் மூன்று பதிவுகளைப் பார்த்துவிடுங்கள்

படிப்பை நிறுத்துவது ஒரே நாளில் நடப்பதில்லை. அதற்கு வெகு முன்பே தடயங்கள் தெரிய ஆரம்பித்துவிடும். அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில் ஆறாம் வகுப்பு மாணவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, ராபர்ட் பால்ஃபான்ஸும் அவருடைய சகாக்களும் 2007ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. வருகை 80 சதவீதத்துக்குக் கீழே போனது, கணக்கிலோ மொழிப்பாடத்திலோ தவறியது, நடத்தையில் மோசம் என்று குறிக்கப்பட்டது. இவற்றில் ஒன்று இருந்தாலே, பின்னாளில் அந்தப் பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்காமல் போகும் வாய்ப்பு மிகவும் கூடியிருந்தது. அதாவது பதினொன்று, பன்னிரண்டு வயதிலேயே பள்ளிப் பதிவேட்டில் அது தெரிந்திருக்கிறது.

இந்த மூன்றில் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்க முடிந்தது வருகை. பத்து சதவீத நாட்கள் வராவிட்டாலே அதை நாட்பட்ட வருகையின்மை என்று பல இடங்களில் கணக்கில் எடுக்கிறார்கள். ஆண்டுக்கு 200 வேலைநாள் என்று வைத்தால் 20 நாள்தான், பத்து மாதத்துக்கு மாதம் இரண்டு நாள். ‘எப்பவாவதுதான் லீவு போடுறான்’ என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோட்டைத் தாண்டியிருப்பான்.

எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள். ஒரு தாளில் விடுப்பு எடுத்த தேதிகளையெல்லாம் கிழமையோடு எழுதுங்கள். பக்கத்தில் வகுப்பு டைம்டேபிளை வையுங்கள். செவ்வாய்க்கிழமையே திரும்பத் திரும்ப வருகிறதா? அன்றைக்கு என்ன பாடவேளை? எழுந்து நின்று வாசிக்கச் சொல்லும் மொழிப்பாடம் என்றால் வாசிப்பில் சிக்கல் இருக்கலாம். விளையாட்டு வகுப்பு என்றால் உடைமாற்றும் இடத்தில் கேலி நடக்கலாம். தேதிகளுக்கு இடையில் ஏறக்குறைய நான்கு வார இடைவெளி தெரிந்தால், அந்தப் பெண்ணுக்கு மாதவிடாய் வலியோ, பள்ளிக் கழிப்பறையில் தண்ணீரும் தாழ்ப்பாளும் இல்லாததோ காரணமாக இருக்கலாம். வரும் நாட்களிலும் முதல் பாடவேளை மட்டும் தவறுகிறது என்றால் தூக்கத்தைப் பாருங்கள். பிள்ளை வாயால் சொல்லத் தயங்குவதை இந்த ஒற்றைத் தாள் பெரும்பாலும் சொல்லிவிடும்.

தாளை நீட்டி “இதோ பாரு, மாட்டிக்கிட்டே” என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். இது உங்களுக்காகப் போட்ட கணக்கு.

படி 3: எந்தக் காரணம் என்று பிரித்தறியுங்கள்

‘படிப்பு வரல’ என்ற ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் பத்துக் காரணம் ஒளிந்திருக்கும். தவறான காரணத்துக்கு வைத்தியம் பார்த்தால் நிலைமை மோசமாகும். கேலிக்குப் பயந்து ஒதுங்கும் பிள்ளையை டியூஷனில் சேர்ப்பது அந்த வகை.

அதிகம் கண்ணில் படாத காரணம், பழைய பள்ளம். ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதம் புரியாமல் தவிக்கும் பையனுக்குப் பிரச்சினை பெரும்பாலும் இயற்கணிதத்தில் இருக்காது. ஐந்தாம் வகுப்பில் பின்னங்களை விட்டிருப்பான். அதற்கு மேல் கட்டியதெல்லாம் ஆடிக்கொண்டே இருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளை வகுப்பில் நாளுக்கு ஆறேழு மணி நேரம் புரியாத பேச்சைக் கேட்டபடி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. பெரியவர்கள் எவராலும் அப்படி ஒரு வாரம் உட்கார முடியாது. செய்ய வேண்டியது இதுதான்: பழைய வகுப்புப் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி எடுத்து, எந்த வகுப்புக் கணக்கை அவன் யோசிக்காமல் போடுகிறான் என்று பாருங்கள். அங்கேயிருந்து ஆரம்பியுங்கள். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுப்பது அவமானமாகப் படும் என்பதால் அட்டையைக் காட்டாமல் கணக்கை மட்டும் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்கள். வாசிப்புக்கும் இதேதான். சத்தமாக ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டித் தடுமாறுகிறான் என்றால் முதலில் கண் பரிசோதனை, அப்புறம் கற்றல் குறைபாடு உண்டா என்று பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் பரிசோதனை. ‘சோம்பேறி’ என்ற பட்டத்தை அதற்கு முன்பே கொடுத்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிற அநியாயம்.

தூக்கத்தையும் சும்மா விடக்கூடாது. பருவமடையும் காலத்தில் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் சுரக்கும் நேரமே இரவில் பிந்திப் போகிறது. அதனால் பத்து மணிக்குப் படு என்றால் உண்மையிலேயே தூக்கம் வராது. ஆனால் இந்த வயதுக்குத் தேவை 8 முதல் 10 மணி நேரம். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் கழகம் 2014ல், இந்த வயதினர் படிக்கும் பள்ளிகள் காலை 8.30க்கு முன்னால் தொடங்கக்கூடாது என்று பரிந்துரைத்தது இதனால்தான். பள்ளி நேரத்தை நாம் மாற்ற முடியாது. படுக்கையறையிலிருந்து போனை வெளியே வைப்பது, விடுமுறை நாளிலும் மதியம்வரை தூங்க விடாமல் ஒன்றிரண்டு மணி நேர வித்தியாசத்துக்குள் எழுப்பிவிடுவது, இந்த இரண்டும் நம் கையில் இருக்கிறது. போன் வெளியே வைக்கும் சட்டம் வீட்டில் எல்லோருக்கும் பொது என்றால்தான் செல்லும்.

வீட்டு நிலைமை காரணமாக இருந்தால் பிள்ளைகள் அதைச் சொல்லவே மாட்டார்கள். கடன், நோயாளி அம்மா, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமை. “எனக்குப் படிப்புல இஷ்டமில்ல” என்று சொல்வது அவர்களுக்கு அதைவிடக் கௌரவமாகத் தெரிகிறது. அப்படிச் சந்தேகம் வந்தால் உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே முதலில் திறந்து பேசுங்கள். “பணத்தைப் பத்தி நீ கவலைப்படாதே” என்பது ஒரு பதினாறு வயதுப் பிள்ளையை ஏமாற்றாது. என்ன இருக்கிறது, என்ன இல்லை, எந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பதுதான் கவலையைக் குறைக்கும்.

படி 4: பேச்சு

எதிரும் புதிருமாக உட்காராதீர்கள். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போதோ, வண்டியில் போகும்போதோ, சேர்ந்து ஏதாவது வேலை செய்யும்போதோ பேசினால் பேச்சு இலகுவாக வரும். கண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாதபோது இந்த வயதினர் நிறையப் பேசுவார்கள்.

வில்லியம் மில்லர், ஸ்டீபன் ரோல்னிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் வளர்த்தெடுத்த ஓர் உரையாடல் முறை உண்டு. குடிப்பழக்கத்திலிருந்து மீள நினைப்பவர்களுக்காக மில்லர் 1983ல் முதலில் எழுதியது. மனசு இரண்டாகப் பிரிந்து நிற்கும் எவரிடமும் அது பயன்படும். அதில் ஒரு எண் கேள்வி வரும்:

“பத்தாவது முடிக்கிறது உனக்கு எவ்வளவு முக்கியம்னு பூஜ்யத்திலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லேன்.”

“மூணு.”

“சரி, மூணு. ஏன் ஒண்ணு சொல்லல?”

“...ஒண்ணுன்னா சுத்தமா வேணாம்னு அர்த்தம்லப்பா. அப்படியும் இல்ல.”

“அப்போ அந்த மூணுல என்ன இருக்கு?”

“பத்தாவதுகூட இல்லன்னா எங்கேயும் சேத்துக்கமாட்டாங்க. அப்புறம் கார்த்திக்கெல்லாம் அங்கதானே இருக்கான்.”

நம் வாய்க்கு இயல்பாக வருவது “ஏன் எட்டு இல்ல?” என்ற கேள்வி. அதைக் கேட்டால் படிப்பு ஏன் வேண்டாம் என்பதற்கான வாதங்களைப் பிள்ளையே அடுக்க ஆரம்பித்துவிடும். சொல்லச் சொல்ல அதில் உறுதியும் கூடும். ஏன் இதைவிடக் குறைவாகச் சொல்லவில்லை என்று கேட்கும்போது, படிப்பு வேண்டும் என்பதற்கான காரணங்கள் அவர்கள் வாயிலிருந்தே வருகின்றன. தன் வாயால் சொன்ன காரணத்தை யாரும் லேசில் தட்டிவிடமாட்டார்கள். ‘பூஜ்யம்’ என்றே பதில் வந்தால், “ஒண்ணாகணும்னா என்ன மாறணும்?” என்று கேளுங்கள்.

இப்படி ஒரு காரணம் வந்ததும் பாய்ந்து பிடித்துக்கொண்டு “அதான் நானும் சொல்றேன்!” என்று ஆரம்பிக்காமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி. கேட்டுக்கொள்ளுங்கள். திருப்பிச் சொல்லுங்கள். அத்தோடு அன்றைக்கு எழுந்துவிடுங்கள்.

படி 5: கையில் கொடுங்கள், வேலியையும் காட்டுங்கள்

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற இரண்டு உளவியலாளர்களும் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருவது: மனிதர்கள் ஒரு காரியத்தைத் தானாக விரும்பிச் செய்ய மூன்று வேண்டும். இது என் முடிவு என்ற உணர்வு, என்னால் முடியும் என்ற உணர்வு, என்னை இங்கே யாருக்கோ வேண்டியிருக்கிறது என்ற உணர்வு. இடைநிற்கும் நிலையில் இருக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் மூன்றுமே காலி.

அந்த டெசி 1971ல் கல்லூரி மாணவர்களிடம் புதிர்க்கட்டைகளைக் கொடுத்துப் பார்த்தார். புதிரை அவிழ்த்ததற்குக் காசு பெற்றவர்கள், காசு நின்றதும் ஓய்வு நேரத்தில் அதைத் தொடுவதைக் குறைத்துக்கொண்டார்கள். 1973ல் லெப்பர் என்பவரும் சகாக்களும் படம் வரையப் பிடித்த சின்னக் குழந்தைகளுக்குச் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையச் சொன்னபோதும் இதே கதை. ஆகவே ‘இத்தனை மார்க் எடுத்தா புது போன்’ என்ற பேரத்தை யோசித்துச் செய்யுங்கள். பரிசே கூடாது என்ற அளவுக்கு நான் போகமாட்டேன். ஆர்வமே துளிகூட இல்லாத இடத்தில் குறைவதற்கு ஒன்றும் இல்லை, ஒரு வாரம் முழுக்கப் போய்வந்ததற்கு எதிர்பாராமல் வெளியே கூட்டிப்போவதில் தப்பும் இல்லை. ஆனால் பேரத்தின் மேல் நிற்கும் படிப்பு ஒவ்வோர் ஆண்டும் விலை ஏறிக்கொண்டே போகும்.

அதைவிடப் பயனுள்ளது முடிவுகளைக் கைமாற்றுவது. எப்போது படிப்பது, எங்கே உட்காருவது, எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது, யாரிடம் உதவி கேட்பது, விருப்பப் பாடம் எது என்பதெல்லாம் அவர்கள் முடிவு. எட்டு மணிக்குப் படிக்கச் சொன்னது நீங்கள் என்றால் எட்டரைக்கும் ஆரம்பிக்காதது உங்களுக்கு எதிரான வெற்றி. ஒன்பது மணி என்று குறித்தது அவர்களே என்றால், எதிர்த்து நிற்க ஆள் இல்லை.

வேலி என்றால், பேரம் பேச முடியாத இரண்டு மூன்று விஷயங்கள். குறித்த தேதிவரை, உதாரணமாக இந்தப் பருவம் முடியும்வரை, தினமும் போய்வர வேண்டும். எங்கே இருக்கிறேன் என்பதில் பொய் கூடாது. அவ்வளவுதான். வேலி பெரிதானால் உள்ளே கொடுத்த சுதந்திரத்துக்கு மதிப்பில்லை.

கொடுத்துவிட்டால் பின்விளைவையும் அவர்களுக்கே விடுங்கள். மறந்துவிட்டுப்போன நோட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடாதீர்கள். “எழுதியாச்சா, எழுதியாச்சா” என்ற நச்சரிப்பை நிறுத்துங்கள். முதல் இரண்டு வாரம் மோசமாகத்தான் இருக்கும், வீட்டுப்பாடம் விட்டுப்போகும், டீச்சரிடம் திட்டு விழும். அதை முன்கூட்டியே வகுப்பாசிரியரிடம் சொல்லிவைத்தால் அவரும் பதறமாட்டார்.

படி 6: ஆசிரியரைச் சந்திக்கும்போது பேசுவது பிள்ளை

வழக்கமான சந்திப்பில் ஆசிரியர் பேசுவார், பெற்றோர் தலைகுனிவார்கள், பிள்ளை தரையைப் பார்க்கும். இதைத் திருப்பிப்போட வேண்டும். ஐ.நா.வின் 1989 குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12வது பிரிவு, தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறது. அதே உடன்படிக்கையின் 28வது பிரிவு இடைநிற்றலைக் குறைக்க நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் நிறைவேற்ற இந்தச் சந்திப்பு ஒரு வாய்ப்பு.

முந்தின நாள் ஒரு சீட்டில் பிள்ளை மூன்று வரி எழுதிக்கொள்ளட்டும். எனக்கு எது புரிகிறது, எந்த இடத்தில் விட்டேன், உங்களிடம் என்ன உதவி கேட்கிறேன். மூன்றாவது வரி துல்லியமாக இருக்க வேண்டும். ‘ஹெல்ப் பண்ணுங்க சார்’ என்றால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. “வர்க்கமூலம்வரை புரியுது. அதுக்கப்புறம் போர்டுல போடும்போது தொடரமுடியல. வாரத்துல ஒருநாள் மதிய இடைவேளையில பத்து நிமிஷம் கேட்டுக்கலாமா?” என்றால் ஆசிரியர் ஆமாம் என்றோ வேறு நேரமோ சொல்லித்தான் ஆக வேண்டும். வீட்டிலேயே ஒருதடவை சொல்லிப் பழகிப் பார்க்கலாம். நீங்கள் கூடப் போங்கள், உட்காருங்கள், பேசாதீர்கள். மௌனம் நீண்டாலும் நடுவில் புகுந்து நிரப்பாதீர்கள்.

ஆசிரியர் முதல் வார்த்தையிலேயே குறை சொல்ல ஆரம்பித்தால் மட்டும், “அவளே சொல்லணும்னு எழுதிட்டு வந்திருக்கா சார், கேட்டுடலாமா” என்று ஒரு வாக்கியம் சொல்லலாம்.

படி 7: எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிக்கொடுங்கள்

பொறுப்பைக் கொடுத்துவிட்டு வழியைச் சொல்லாவிட்டால் ‘நான் முயற்சி பண்ணியும் வரல’ என்பதுதான் மிஞ்சும். பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரிந்த முறை ஒன்றுதான்: திரும்பத் திரும்ப வாசிப்பது, மஞ்சள் பேனாவால் கோடு போடுவது. ஜான் டன்லோஸ்கியும் சகாக்களும் 2013ல் பத்துப் படிப்பு முறைகளை ஆராய்ந்தபோது இந்த இரண்டுக்கும் கீழ் மதிப்பீடுதான் கிடைத்தது. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பதும் மேலே வந்தன.

2006ல் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் செய்த சோதனை இதை அழகாகக் காட்டும். ஒரு பத்தியை ஒரு கூட்டம் மறுபடி வாசித்தது. இன்னொரு கூட்டம் ஒருமுறை வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் மறுபடி வாசித்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். ராத்திரி படித்ததெல்லாம் தெரிந்த மாதிரி இருந்து பரீட்சையில் காணாமல் போவது ஏன் என்று பிள்ளை கேட்டால், இதைச் சொல்லுங்கள். ‘எனக்கு மூளை இல்ல’ என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு, தப்பு மூளையில் இல்லை, முறையில்தான் என்று தெரிவது பெரிய விடுதலை.

செய்முறை சாதாரணம். ஒரு பக்கம் வாசி. புத்தகத்தை மூடு. வெள்ளைத்தாளில் நினைவிருப்பதை எழுது. திற, விட்டதை வேறு நிற மையில் சேர். அதே தாளை இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் வெறுமையாக ஆரம்பித்து எழுதிப் பார். வேறு நிற மை குறைந்துகொண்டே வருவது கண்ணுக்குத் தெரியும். மார்க் வர மாதக்கணக்காகும், இது ஒரே வாரத்தில் தெரியும். ‘என்னால் முடியும்’ என்ற உணர்வு வேண்டும் என்று மேலே சொன்னேனே, அதற்கான அத்தாட்சி இந்தத் தாள்தான்.

நேரத்துக்கு, ‘தினமும் படிப்பேன்’ என்ற சபதத்தைவிட ‘ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவினதும் கணக்கு நோட்டைத் திறப்பேன்’ என்று ஏற்கெனவே நடக்கும் ஒரு காரியத்தோடு முடிச்சுப்போட்ட திட்டம் நிலைக்கும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இத்தகைய ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ திட்டங்களை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

படி 8: ‘இதனால் எனக்கு என்ன பயன்?’

இந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். ஹல்லமனும் ஹராக்கிவிச்சும் 2009ல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை, வகுப்பில் படித்த அறிவியல் தங்கள் வாழ்க்கையோடு எப்படித் தொடர்புபடுகிறது என்று அவ்வப்போது எழுதச் சொன்னார்கள். ‘எனக்கு வராது’ என்று நினைத்திருந்த மாணவர்களின் ஆர்வமும் மதிப்பெண்ணும் கூடின. மாதம் ஒருமுறை ஒரு பாடத்துக்கு ஐந்து வரி எழுதச் சொல்லலாம். படித்துப் பார்த்துத் திருத்தக்கூடாது. வரலாறு எதற்கும் உதவாது என்று எழுதினால் அதுவும் இருக்கட்டும்.

படி 9: நாட்கணக்கில் விட்டவர் திரும்பிப் போகும் வாரம்

சில வாரங்கள் போகாமல் இருந்த பிள்ளைக்குப் பாடத்தைவிடப் பயமானது, முதல் நாள் வகுப்புக்குள் நுழையும் அந்த ஒரு நிமிடம். எல்லாத் தலையும் திரும்பும், “எங்கடா இவ்வளவு நாளா ஆளையே காணோம்?” என்று ஒருவன் கேட்பான். அதற்குப் பதிலை வீட்டிலேயே தயார்செய்யுங்கள். ஒரு வரி, பொய்யில்லாமல், மேற்கொண்டு கேள்விக்கு இடம் தராமல்: “கொஞ்சம் முடியாம இருந்துச்சு, இப்ப பரவாயில்ல. இன்னைக்கு என்ன பாடம்?” முதல் நாள் ஒரு நண்பனோடு வாசலில் சந்தித்துச் சேர்ந்து நுழைய ஏற்பாடு செய்தால் பாதிச் சுமை குறையும். பள்ளி ஒத்துக்கொண்டால் சில நாள் அரைநாளாகவும் தொடங்கலாம்.

விட்டுப்போன நோட்டையெல்லாம் உட்கார்ந்து நகலெடுக்க விடாதீர்கள். திரும்பிவந்த பிள்ளை மறுபடி நின்றுவிட அது ஒன்றே போதும். மேற்கொண்டு வரும் பாடத்துக்கு அவசியமான இரண்டு அத்தியாயம் எது என்று ஆசிரியரிடம் கேட்டு, அதை மட்டும் பிடியுங்கள்.

அங்கே ஒரு பெரியவர் வேண்டும். ஆசிரியரோ, நூலகரோ, விளையாட்டுப் பயிற்றுநரோ, இந்தப் பிள்ளை இன்று வந்ததா என்று கவனிக்கும் ஒரே ஒருவர். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவான ‘செக் அண்ட் கனெக்ட்’ என்ற திட்டத்தில் இப்படி ஒரு வழித்துணை குறைந்தது இரண்டு ஆண்டு அதே மாணவரோடு இருப்பார். வருகை, மார்க், நடத்தை மூன்றையும் பார்த்துக்கொண்டே இருப்பார். நம்மால் முழுத் திட்டமும் நடத்த முடியாது, ஆனால் அப்படி ஓர் ஆளைத் தேடிப்பிடித்து நேரடியாகக் கேட்க முடியும். பலர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்கள்.

படி 10: இந்தப் பள்ளியேதான் வேண்டுமா?

எல்லாம் செய்தும் அந்தக் கட்டடம் பிள்ளைக்கு ஒத்துவராமல் போகலாம். படிப்பில் இருப்பது முக்கியம், அந்தக் கட்டடம் முக்கியமில்லை. பிரிவு மாற்றம், வேறு பள்ளி, தொழிற்கல்வி, திறந்தநிலைப் பள்ளி என்று வழிகள் உண்டு. வழிகளைத் தேடி விசாரித்துப் பட்டியல் போடும் வேலை பிள்ளையுடையது: கட்டணம், தூரம், அதை முடித்தால் அடுத்து என்னென்ன படிக்கலாம், எந்தக் கதவு மூடிப்போகும். வேலைக்குப் போகிறேன் என்றால் அந்த வேலையில் இருக்கும் ஒருவரைப் பார்த்து, ஐந்து வருஷம் கழித்து அவருக்கு என்ன சம்பளம், மேலே போக என்ன சான்றிதழ் கேட்கிறார்கள் என்று அவர்களே கேட்டுவரட்டும். நாம் சொல்லும் பயமுறுத்தலைவிட அந்த ஒரு சந்திப்பு நன்றாக வேலைசெய்யும். அதில் தெளிவாகி, தொழிற்பயிற்சிதான் வேண்டும் என்று வந்து நின்றால் அதை மதியுங்கள்.

இங்கே நான் கறாராக ஒன்று சொல்வேன். புது இடத்தில் சேர்க்கை எழுத்தில் உறுதியாகும்வரை பழைய பள்ளியில் பெயரை எடுக்காதீர்கள். ‘ஒரு மாசம் ஓய்வெடுக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று இடையில் விடும் இடைவெளியில்தான் நிறையப் பிள்ளைகள் நிரந்தரமாக நழுவிப்போகிறார்கள்.

படி 11: வாரம் இருபது நிமிடம்

ஒரே கிழமை, ஒரே நேரம். இந்த வாரம் என்ன நடந்தது, எது ஒத்துவரவில்லை, அடுத்த வாரம் எதை மாற்றுகிறேன். கேள்விகளைக் கேட்பதும் அவர்கள்தான், எழுதிவைப்பதும் அவர்கள்தான். மற்ற ஆறு நாளும் படிப்பைப் பற்றி நீங்களாக வாயைத் திறக்கக்கூடாது. இது உங்களுக்குத்தான் கடினம். பாராட்டுவதானால் முறையைப் பாராட்டுங்கள். முல்லரும் ட்வெக்கும் 1998ல் வெளியிட்ட ஆய்வில், கெட்டிக்காரன் என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்த கடினமான புதிர்களில் தோற்றதும் சோர்ந்துவிட்டார்கள், உழைப்பைப் பாராட்டியபோது தொடர்ந்து முயன்றார்கள். “ரெண்டாவது தடவ எழுதிப் பார்த்தல்ல, அதான் வந்துருச்சு” என்பது போதும்.

மூன்று நான்கு வாரம் ஒழுங்காகப் போன பிறகு ஒருநாள் மறுபடி மட்டம் போடுவார்கள். கிட்டத்தட்ட நிச்சயம். அன்றிரவு எதையும் ஆரம்பிக்காதீர்கள், பழைய கணக்குகளைக் கிளறாதீர்கள். மறுநாள் காலை வழக்கம்போல எழுப்பிவிடுங்கள். சாயங்காலம் “நேத்து என்ன ஆச்சு?” என்று ஒருதடவை கேளுங்கள். தேதியைப் பழைய தாளில் கிழமையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து இரண்டாம் நாளும் போகவில்லை என்றால் வாரச் சந்திப்பை அன்றைக்கே வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளும் அப்படியே என்றால் காத்திருக்க வேண்டாம். பள்ளியில் கவனித்துக்கொள்ள ஒப்புக்கொண்ட அந்தப் பெரியவருக்குப் போன் போடுங்கள், பிள்ளைக்குத் தெரிந்தே.